செயலாளரின் ஆண்டறிக்கை: வரைபடக் கையேட்டைத் திருத்திய வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் என்னைச் செயலாளராகத் தெரிவுசெய்தபோது "எழுதுற வேலைதானே தம்பி, பெரிசா ஒண்டும் இராது" என்று தைரியம் சொன்னவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். அந்த ஒண்டுமில்லாத வேலையின் விபரம்தான் இந்த அறிக்கை.

வழக்கமான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பின்னேரம் கூடுவது என்ற ஒழுங்கில் ஒன்பது கூட்டங்கள் நடந்தன. ஐப்பசியில் விதைப்பு, மாசியில் அரிவுவெட்டு; இரண்டு மாதமும் நடப்பெண் போதாமல் தேநீரைக் குடித்துவிட்டுக் கலைந்தோம். இன்னொன்றை மின்வெட்டினால் கைவிட்டோம். வாசிகசாலை வளவில் ஒரு சிரமதானம் செய்தோம். கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். அச்சு மைக்கான செலவு ஏன் இவ்வளவு கூடியது என்ற கேள்விக்கு மட்டும் விடை என்னிடம் இருக்கிறது.

ஆண்டின் மிச்ச உழைப்பு முழுவதையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் கையேடு விழுங்கிவிட்டது. புதிய அங்கத்தவர்களுக்காக இரண்டு வரி: இந்தத் திறந்த வரைபடத்தை 2004இல் பிரித்தானியாவில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். கணக்குத் திறந்த எவரும் தமது ஊரின் ஒழுங்கை, குளம், வாய்க்கால், பாடசாலை எல்லாவற்றையும் அதில் கீறலாம். மற்றவர் கீறியதைத் திருத்தலாம். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் நின்றபோது, எந்த ஒழுங்கையால் போனால் எந்தக் குடியிருப்புக்குப் போய்ச் சேரலாம் என்பதை ஆளாளிடம் கேட்டுக் கேட்டே கண்டுபிடித்தோம். அந்த நினைவுதான் எங்களை இந்த வேலைக்குள் இறக்கியது.

முந்தைய நிர்வாக சபைக் காலத்தில் மூன்று அங்கத்தவர்கள் ஆங்கில உதவிப் பக்கங்களை வைத்து ஒரு தமிழ் வரைவை ஆக்கியிருந்தார்கள். பாதி தங்கள் கையால், பாதி மொழிபெயர்ப்பு மென்பொருளால். எந்தப் பாதி எது என்று கேட்கத் தேவையில்லை. "கணுக்களை இழுத்துச் செல்வதன் மூலம் வழியின் வடிவமானது மாற்றியமைக்கப்பட முடியும்" என்று ஓரிடத்தில் இருந்தது. அதைப் "புள்ளியைப் பிடித்து இழுங்கள், கோடு வளையும்" என்று ஆக்கினோம். இப்படியே போனால் பொங்கலுக்கு முன் முடித்துவிடலாம் என்று நான் தலைவரிடம் சொன்னதும் உண்மை. எந்தப் பொங்கல் என்று அவர் அப்போது கேட்கவில்லை.

முதல் இரண்டு மாதமும் எழுத்துப்பிழைதான் பார்த்தோம். வரைவின் ஒரு பகுதி பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி, பிறகு யுனிகோட்டுக்கு மாற்றப்பட்டிருந்தது. திரையில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் "மௌஸ்" என்று தேடினால் கையேட்டில் பாதி இடங்களே அகப்பட்டன. மற்றப் பாதியில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து "மெளஸ்" என்று கிடந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இதைப் பிடித்தவர் எங்கள் உபதலைவர் ரீச்சர். முப்பது வருடம் கொப்பி திருத்திய கண்.

எழுத்துப்பிழை எல்லாம் தீர்ந்து, கையேடு அச்சுக்குப் போகத் தயார் என்று தீர்மானம் எழுதிய அடுத்த கிழமைதான் விசயம் வெளித்தது.

நீர்ப்பாசன வேலைகளில் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் புதிதாக அங்கத்துவம் எடுத்திருந்தார். இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள வாய்க்கால்கள் அவருக்குக் கைரேகை மாதிரி. கையேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, வாசிகசாலைக் கணினியில் ஐடி திருத்தியை, அதாவது உலாவியிலேயே இந்த வரைபடத்தைக் கீறும் கருவியைத் திறந்து, செய்மதிப் படத்தின் மேல் இரண்டு மணித்தியாலம் ஒரு கிளை வாய்க்காலைக் கீறினார். ஒவ்வொரு புள்ளிக்கும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார். கையேட்டில் இருந்த கடைசி வரி: "சேமி என்பதை அழுத்தினால் வேலை முடிந்தது." அழுத்தினார், கணினியை நிறுத்தினார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை வீட்டில் பேரனின் மடிக்கணினியில் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் சேமிச்சுப்போட்டுத்தானே போனனான். எங்கை என்ரை வாய்க்கால்?"

ஐடியில் "சேமி" என்பது முதல் படிதான். அதை அழுத்தினால் பக்கத்தில் ஒரு பெட்டி திறக்கும். என்ன மாற்றம் செய்தோம் என்று அதில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதன் கீழே உள்ள "பதிவேற்று" என்பதையும் அழுத்திய பிறகே மாற்றம் வரைபடத்துக்குப் போகும். அதுவரை எல்லாம் அந்தக் கணினியின் உலாவிக்குள் தேங்கி நிற்கும். ஐயாவின் வாய்க்காலும் அங்கேதான் நின்றது. வாசிகசாலைக்கு ஓடிப்போய்த் திறந்தபோது, முன்பு விட்ட மாற்றங்களை மீட்கவா என்று அது கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. இடையில் வேறு யாரும் அதே உலாவியில் தம் வேலையைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் யோசிக்க விரும்பவில்லை.

அந்த வரியை நாங்கள் ஐந்து பேர் வாசித்திருக்கிறோம். ஒரு பிழையும் காணவில்லை. ஏனென்றால் அதில் எழுத்துப்பிழை இல்லை. ஒருவரும் அது சொன்னபடி செய்து பார்க்கவில்லை. இந்தத் தவறில் முதல் கையொப்பம் என்னுடையது, அதைச் சபையில் சொல்லிவிடுவது முறை.

அன்றிலிருந்து கையேட்டைத் திருத்தும் முறையை மாற்றினோம். கையேட்டை முன்பின் பார்க்காத ஒருவர் கணினியில் இருப்பார். தாளில் உள்ளதை மட்டும் செய்வார். ஒருவர் பக்கத்தில் இருந்து அவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் பார்க்கிறார் என்று குறிப்பார். அந்தப் பகுதியை எழுதியவர் அறையில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடிப்பதுதான் மிகக் கடினமாக இருந்தது. இருவரை வெளியே தேநீருக்கு அனுப்ப வேண்டி வந்தது. திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்க்க வசதியாக ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிய எழுத்தில் புதிதாக அச்சிட்டோம். மைச் செலவுக்குக் காரணம் இதுதான்.

செய்து பார்க்கத் தொடங்கியதும் பிழைகள் நெல் உமி மாதிரிப் பறந்தன. வாய்க்காலைத் தண்ணீர் ஓடும் திசையில் கீற வேண்டும் என்பது இந்த வரைபடத்தின் விதி. எங்கள் வரைவில் அது தலைகீழாக இருந்தது. ஐயா அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். "துருசிலையிருந்து வயலுக்குத்தான் தண்ணி வரும். உங்கடை புத்தகத்திலை வயலிலையிருந்து குளத்துக்கு ஏறுது." (துருசு என்பது குளத்தின் மதகு.) ஆங்கிலமும் தமிழும் நன்றாகத் தெரிந்த மூன்று பேர் அதைத் தாண்டிப் போயிருந்தோம்.

அடுத்தது "ஹைவே". இந்த வரைபடத்தில் ஏ9 வீதியும் வயல் நடுவே உழவு இயந்திரம் போகும் பாதையும் ஹைவே என்ற ஒரே குறிச்சொல்லின் (கீறியது என்ன என்று வரைபடத்துக்குச் சொல்லும் சொல்லின்) கீழ்தான் வரும். எந்த வகைப் பாதை என்பதை அதற்கு எதிரே கொடுக்கும் பெறுமானம் சொல்லும். பிரித்தானியாவில் பொதுப்பாதை எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் வழங்கியதால் வந்த பழக்கம் அது. வரைவில் அதை "நெடுஞ்சாலை" என்று மொழிபெயர்த்தது மட்டுமல்ல, குறிச்சொல்லையே தமிழில் தட்டச்சுச் செய்யும்படியும் சொல்லியிருந்தோம். மென்பொருள் அதை மறுக்காது. எதை எழுதினாலும் ஏற்று வைத்துக்கொள்ளும். ஆனால் படத்தில் பாதை தெரியாது. பிழைச் செய்தி வந்திருந்தால் அன்றே பிடித்திருப்போம். குறிச்சொற்களை ஆங்கில எழுத்திலேயே விட்டு, அவற்றின் பொருளை மட்டும் தமிழில் விளக்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

ஏகமனதாக நடந்தது அது ஒன்றுதான். குளம் பற்றிய விவாதம் மூன்று கூட்டங்களுக்கு நீண்டது. வரைவின் அட்டவணையில் "பொண்ட்" என்பதற்குக் குளம் என்றும் "ரிசர்வோயர்" என்பதற்கு நீர்த்தேக்கம் என்றும் போட்டிருந்தோம். அகராதிப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் அட்டவணையை நம்பி ஒருவர் கீறினால், கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம் உலகத்தின் கண்ணில் ஒரு குட்டையாகிவிடும். வன்னியில் குளம் என்றால் கட்டும் துருசும் மிகைநீர் வழியும் வானும் உள்ளது. கடைசியில் அட்டவணையை நீக்கினோம். கட்டுப்போட்டுப் பாசனத்துக்குத் தண்ணீர் மறித்த குளம் எல்லாம் ரிசர்வோயர், கேணி மோட்டை போன்ற சிறியவை பொண்ட் என்று இரண்டு படங்களோடு எழுதினோம். மாங்குளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம் என்று ஊர்ப்பெயரின் வாலிலேயே குளம் தொங்குவதால் இன்னொரு பந்தியும் சேர்க்க வேண்டி வந்தது: ஊர் வேறு, குளம் வேறு, இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

பொத்தானா, பட்டனா, தெறியா என்ற விவாதத்தை நான் அறிக்கைப் புத்தகத்தில் முழுமையாகப் பதியவில்லை. தெறி சட்டைக்கு இருக்கட்டும் என்று தலைவர் முடித்துவைத்தார். திரையில் என்ன சொல் இருக்கிறதோ அதையே எழுத்துக்கு எழுத்துக் கையேட்டிலும் எழுதுவது, பிடிக்காவிட்டாலும் மாற்றுவதில்லை என்பது முடிவு. திரைச் சொற்களைத் தமிழாக்குபவர்கள் வேறு ஆட்கள். எங்களுக்கு மனக்குறை இருந்தால் அவர்களுக்கு எழுதலாம்.

மல்டிபொலிகன் அத்தியாயத்தை நானே வெட்டினேன். ஒரு கோட்டில் 2000 புள்ளிக்கு மேல் வைக்க முடியாது என்பதால் பெரிய குளத்தின் கரையைத் துண்டு துண்டாகக் கீறி இணைப்பது எப்படி என்ற விளக்கம் அது. எழுதிய தம்பிக்கு மனத்தாங்கல் உண்டு. நல்ல அத்தியாயம்தான், முதல் நாள் பழகுபவருக்கு வேண்டாம். கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

கையேடு இன்னும் முடியவில்லை. கைபேசி பற்றிய பகுதியும் மூன்று மொழியிலும் பெயர் இடும் பகுதியும் செய்து பார்க்கப்படாமல் இருக்கின்றன. மென்பொருளும் நின்ற இடத்தில் நிற்காது. பொத்தான் இடம் மாறினால் எங்கள் பக்கம் பிழையாகிவிடும். ஆகவே இரண்டு பிரேரணைகளைச் சபை முன் வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அது கடைசியாகச் செய்து பார்க்கப்பட்ட திகதியை இடுவது. மற்றது, காலபோக அறுவடை முடிந்து சிறுபோகம் தொடங்கும் இடைவெளியில் ஆண்டுதோறும் முழுக் கையேட்டையும் ஒருமுறை செய்து பார்ப்பது. மை வாங்கப் பணம் ஒதுக்குவது பற்றிப் பொருளாளரோடு பேசிவிட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

மண்டபம் தந்த வாசிகசாலையினருக்கும், தேநீரும் சுண்டலும் தந்த அம்மாமாருக்கும், தங்கள் பிள்ளைகளின் கணினியைக் கடன் தந்த பெற்றோருக்கும் நன்றி. ஐயாவின் கிளை வாய்க்கால் இப்போது வரைபடத்தில் இருக்கிறது. கடைமடையில் ஒரு வளைவு பிழை என்று அவர் சொல்லியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை திருத்துவோம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
கிளிநொச்சி