வீட்டுப் படிப்புக்கு மணிக்கூடு வேண்டாம், வாரக் கணக்குப் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கென்று தங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு மாதிரி நேரசூசி வந்திருந்தது. காலை 8.00 மணிக்குக் கணிதம், 8.40க்கு விஞ்ஞானம், 9.20க்கு ஆங்கிலம் என்று மத்தியானம் 1.30 வரை பெட்டி பெட்டியாக அடித்திருந்தீர்கள். எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் காலை எட்டு மணிக்கு ஒரு கமக்கார வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதை அவர் பார்த்ததில்லை என்பதும் நன்றாகத் தெரிகிறது.

நான் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் இருக்கிறேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் கொஞ்ச வயல், கறவை மாடுகள், கண் சரியாகத் தெரியாத மாமியார், மூன்று பிள்ளைகள். நடுவிலான் தரம் 8. மோட்டார் சைக்கிள் மோதித் தொடை எலும்பு முறிந்தது. வைத்த கம்பியில் கிருமி பிடித்து, அதைக் கழற்றி, மறுபடி வைத்து, இரண்டு தவணைக்கு மேலாக வீட்டில்தான் இருக்கிறான். பாடசாலை இடாப்பில் அவனுடைய பெயர் இருக்கிறது. கால் ஊன்றியதும் திரும்பிப் போவான். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொல்லும் கட்சி நான் இல்லை. 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி சட்டப்படி கட்டாயம். 14 ஆக இருந்த வயதெல்லையை 2016 இல் 16 ஆக்கினார்கள். அது நல்லது என்றே நினைக்கிறேன். என் பேச்சு, போக முடியாத காலத்தில் வீட்டில் எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி மட்டும்தான்.

எட்டு மணிக்கு என் வீட்டில் இதுதான் நடக்கும். விடியப்புறம் கறந்த பாலைச் சேகரிப்பு நிலையத்தில் கொடுத்துவிட்டு நான் அப்போதுதான் திரும்பியிருப்பேன். மாட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டும், மாமியாருக்குத் தேத்தண்ணீரும் குளிசையும் கொடுக்க வேண்டும், வயலுக்குப் போனவருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். அந்த நேரத்தில் நான் புத்தகத்தோடு பாயில் குந்தினால் அடுப்பில் இருக்கிறது கரிந்து போகும், பிள்ளைக்கும் எரிச்சல் வரும், எனக்கும் வரும். பிறகு அன்றைய படிப்பு சண்டையோடு முடியும்.

நேரசூசியை எழுதியவர் இன்னொன்றையும் யோசிக்கவில்லை. அந்த 40 நிமிடப் பாடவேளை, பாடசாலையில் ஒரு வகுப்புக்காகப் போட்ட கணக்கு. சத்தம் அடங்க வேண்டும், கரும்பலகையில் எழுத வேண்டும், முப்பது நாற்பது கொப்பி பார்க்க வேண்டும். ஒரே பிள்ளை, பக்கத்திலே ஒரு ஆள் என்றால் அதே பயிற்சி இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச இருபது நிமிடமும் அவன் பேனையைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டுமா? பாடசாலைப் பாடவேளைகளை அப்படியே வீட்டுக்குள் கொண்டு வருவது, கலியாண வீட்டுக் கிடாரத்தில் ஒரு சுண்டு அரிசி போட்டுச் சமைக்கிற மாதிரி.

என் வீட்டில் பாடங்கள் மணியோடு ஒட்டவில்லை, வேலையோடு ஒட்டிக்கொண்டன. பால் கொடுத்து, சமையல் ஏறி, வீடு ஒரு நிலைக்கு வந்த பிறகு கணிதம். அது ஒரு நாள் ஒன்பதுக்கு வரும், ஒரு நாள் பத்தரைக்கு வரும். எப்போது வந்தாலும் முதலில் வருவது கணிதம்தான், ஏனென்றால் அதற்குத்தான் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். விஞ்ஞானம் அவன் தானே வாசித்துக் குறிப்பெடுப்பது; அதை வெயில் நேரத்தில் வேம்புக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு செய்வான். ஆங்கிலம் என் கைக்கு மிஞ்சியது. அறிவியல் நகர் பல்கலைக்கழக வளாகத்தில் பொறியியல் படிக்கும், எனக்கு மருமகள் முறையான பிள்ளை சனிக்கிழமைகளில் சைக்கிளில் வந்து ஒரு வாரத்துக்குரியதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவாள். அவளுக்குப் பரீட்சை என்றால் வரமாட்டாள். அந்தக் கிழமை ஆங்கிலம் இல்லை, அவ்வளவுதான்.

தமிழும் சைவநெறியும் அவனுடைய அப்பம்மாவின் பொறுப்பு. பின்னேரம் அவ சுளகில் அரிசி கொழித்துக்கொண்டு இருப்பா, இவன் சத்தமாக வாசிக்க வேண்டும். அவவுக்குப் புத்தகம் தெரியாது, ஆனால் தேவாரம் முழுக்கப் பாடம். சொல்லொன்றை விட்டு வாசித்தால் கொழிப்பது நிற்கும். அவ வாயால் ஒன்றும் சொல்லமாட்டா. சுளகுச் சத்தம் நின்றதும் இவன் தானே திரும்பிப் போய்ப் பிழையைத் தேடுவான். நான் இருந்து திருத்தியிருந்தால் நாலு வார்த்தை திட்டு விழுந்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டு வேலையே பாடம், பால் கணக்கே கணிதம் என்று சிலர் அழகாகப் பேசுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பாலின் விலை லீற்றரை மட்டும் பார்த்து வருவதில்லை, கொழுப்பையும் பார்த்துத்தான் வரும். அந்தப் பால் அட்டையை வைத்து நானும் அவனுக்குச் சதவீதம் காட்டினேன், அவனும் பிடித்துக்கொண்டான். ஆனால் அட்சரகணிதம் மாட்டு மடியில் வராது. அது பாயில் இருந்து, கொப்பியில் எழுதி, வெட்டி, மறுபடி எழுதித்தான் வரும். அன்றாட வாழ்க்கைக்கு ஏற்ப படிப்பின் நேரத்தை மாற்றலாம். படிப்பையே குறைத்துவிட்டு அதற்கு வாழ்க்கைக் கல்வி என்று பெயர் வைக்க வேண்டாம்.

அதனால்தான் நாளைக் கணக்கெடுக்காமல் கிழமையைக் கணக்கெடுக்கிறோம். ஞாயிறு இரவு ஒரு கொப்பியில் அந்தக் கிழமைக்குரியதை எழுதுவோம்: கணிதத்தில் எத்தனை பயிற்சி, விஞ்ஞானத்தில் எந்த அலகு, வரலாற்றில் எத்தனை பக்கம். முடிந்ததை அவன் வெட்டிக்கொண்டு வருவான். சனிக்கிழமை வெட்டாமல் இருப்பது அடுத்த கிழமைக்குப் போகும். யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போனால் முதல் பஸ்ஸில் ஏறி மாலை இருட்டத்தான் வீட்டுக்கு வருவோம். மணிப்படி போட்ட நேரசூசியில் அந்த நாள் முழுக்கத் தோல்வி. எங்கள் கொப்பியில் அது அடுத்த நாளுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை.

காலத்தையும் பார்க்க வேண்டும். மாரி மழையில் விளையும் காலபோக நெல் வெட்டு தை, மாசியில். வெட்டு மெசின் எப்போது வரும் என்று அந்த மெசின்காரருக்கே தெரியாது. வந்தால் பகல் இரவு இல்லை. படங்கு விரித்து நெல்லுக் காயப்போட்டு, முகில் கட்டினால் ஓடிப்போய் அள்ள வேண்டும். அந்த நாட்களில் கணிதமும் வாசிப்பும் மட்டும், அதுவும் இரவில். இரவென்றால் நுளம்பு. அதனால் வலைக்குள்ளேயே ரோர்ச் லைற்றைக் கட்டித் தொங்கவிட்டுப் படிப்பான். வெளியில் இருந்து பார்த்தால் வலை முழுக்க மழைப்பூச்சி அப்பியிருக்கும். உள்ளே அவனும் கொப்பியும் மட்டும். நான் வெளியில் இருந்து கேள்வி கேட்பேன், அவன் உள்ளே இருந்து பதில் சொல்வான். கோடையில் செய்யும் சிறுபோகத்தில் வேறு பிரச்சினை: வாய்க்கால் தண்ணீர் முறை எங்களுக்கு நடுச்சாமத்தில் வந்தால் அடுத்த நாள் வீட்டில் யாருக்கும் விடியாது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும், அதற்கு யார் புத்தகம் திறப்பார்கள்? ஆகஸ்டில் நாட்டுக்கே விடுமுறை விட்டாலும் எங்களுக்கு வேண்டாம், அந்த விடுமுறையை வெட்டுக் காலத்தில் எடுத்துவிட்டோம்.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது வேறொன்று. வீட்டில் நிற்கிற பிள்ளை என்றால் எல்லாருக்கும் அவன் எடுபிடி. “தம்பி, அந்தக் கோழியைக் கலை”, “தம்பி, போன் அடிக்குது, எடு”, “தம்பி, தேங்காயைத் துருவு, இருந்துதானே இருக்கிறாய்.” கால் ஏலாதவன் என்றாலும் கை இருக்கிறதே என்ற நினைப்பு. என் கணவருக்கு நான் சொன்னது ஒரே ஒரு விதி: நீலப் பாய் விரித்திருந்தால் அவன் பள்ளிக்கூடத்தில் நிற்கிறான், கூப்பிடக்கூடாது. முதலில் சிரித்தார். இப்போது பாயைப் பார்த்துவிட்டுத் தானே போய்க் கோழியைக் கலைக்கிறார். நேரம் மாறலாம், ஆனால் விரித்த பாய்க்கு மரியாதை வேண்டும்.

மணிக்கூட்டோடு ஒட்டாமல் இருப்பது வன்னிக்குப் புதிதும் இல்லை. 1996 இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது இங்கே பழைய நேரத்திலேயே நின்றோம். 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, “பழைய நேரமா, புதிய நேரமா?” என்று கேட்டுக்கொண்டுதான் எங்கும் போனோம். கிளிநொச்சி இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்த காலத்தில் எனக்குப் பின்னேரப் பள்ளிக்கூடம், மர நிழலில். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கில், எண்ணெய் முடிவதற்குள் எத்தனை கணக்கு என்பதுதான் நேரசூசி. பழம்பெருமைக்காக இதை எழுதவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பாடசாலைகள் பூட்டியபோது, 2022 இல் எரிபொருள் இல்லாமல் பூட்டியபோது, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வெள்ளம் வந்தபோது என்று பிள்ளைகள் வீட்டில் நிற்கும் காலம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் மேலே இருந்து வருவது அதே மணிப்படியான அட்டவணை, அல்லது சூம் வகுப்பு. சூம் வகுப்புக்குப் போனில் றீலோட் போட்டுக் கட்டுபடியாகுமா?

இனி என் வேண்டுகோள். பாடப்புத்தகம் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. எந்த அலகுக்கு எத்தனை பாடவேளை என்று தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளில் இருக்கிறது. என் போன்ற தாய்மாருக்குத் தெரியாமல் இருப்பது ஒன்றுதான்: வகுப்பில் இந்தக் கிழமை எதுவரை போயிருப்பார்கள்? அது தெரிந்தால் மிச்சத்தை நாங்கள் வீட்டுக்கேற்ப பிரித்துக்கொள்வோம். இப்போது அதை அறிய நான் வகுப்புப் பிள்ளைகளின் வீடு வீடாகக் கொப்பி கேட்டுப் போகிறேன். ஒரு பிள்ளையின் கொப்பியில் மூன்றாம் அலகு, இன்னொன்றில் ஐந்தாம் அலகு.

தங்கள் கல்விப் பக்கம் புலமைப் பரிசிலுக்கும் சாதாரண தரத்துக்கும் மாதிரி வினாத்தாள்களால் நிறைந்திருக்கிறது. தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. ஆசிரியர்கள் சிலரைக் கேட்டு, திங்கட்கிழமைகளில் அந்த நாலு வகுப்புக்கும் இந்த வாரத்துக்குரிய அலகும் பயிற்சியும் என்று ஒரு கால்பக்கம் போடுங்கள். நேரம் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.