பள்ளிக்கரணை இஸ்திரி வண்டிக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எங்கள் தெருக்காரர்களுக்கு,

தூத்துக்குடி மாவட்டம் ஏரலிலிருந்து எழுதுகிறேன். அம்மா, அப்பா, தம்பி மூன்று பேரும் சுகம். நாள் தவறாமல் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்ததற்கு முதலில் இந்தப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் புகுந்த ஆற்று மண்ணை அள்ளி முடித்தாயிற்று. கரண்டும் வந்துவிட்டது. நடந்ததைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. சென்னையில் புயல் வெள்ளம் வந்த 2023 டிசம்பர் 4 என்றால் என்னவென்று பள்ளிக்கரணைக்குத் தெரியும். எங்கள் பக்கம் வெள்ளம் வந்த டிசம்பர் 18 என்றால் என்னவென்று ஏரலுக்குத் தெரியும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனாலும் இந்த மடலில் பெரும்பங்கு நம் தெருமுனை இஸ்திரி அண்ணனுக்குத்தான். பெயரைப் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போடாவிட்டாலும் அவரைத் தெரியாதவர்கள் நம் தெருவில் இல்லை.

ஆகஸ்டில் பெட்டியோடு வந்து இறங்கியபோது சென்னை எனக்குப் பிடிக்கவில்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தவள் நான். குடிக்கிற தண்ணீரைக் கேன் கணக்கில் விலைக்கு வாங்கி, மாடிப்படிக்குக் கீழே வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. குளிக்கிற தண்ணீர் உப்பு. ஒரு வாரத்தில் தலைமுடி நார் மாதிரி ஆகிவிட்டது. அதைவிட, என்னிடம் யாரும் எதுவும் கேட்காததுதான் பெரிய குறையாக இருந்தது. எங்கள் ஊரில் பஜாருக்குப் போய்த் திரும்புவதற்குள் நாலு பேராவது “எங்க போற, என்ன வாங்கப் போற” என்று கேட்டுவிடுவார்கள். அங்கே ஒரே படியில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள். “இங்க யாரும் யாரையும் கேக்க மாட்டாங்கம்மா” என்று போனில் அழுதிருக்கிறேன். நான் சொன்னது தப்பு. அதை இங்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும்.

இஸ்திரி அண்ணனிடம் முதல்நாள் துணி கொடுத்தபோது, ஊர் வழக்கத்தில் “அண்ணாச்சி” என்று கூப்பிட்டேன். “நான் இன்னாமா மளிகைக் கடையா வெச்சிருக்கேன்?” என்று சிரித்தார். சென்னையில் அண்ணாச்சி என்றால் எங்கள் பக்கத்து மளிகைக் கடைக்காரர்கள்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். “எந்த ஊரு?” என்று கேட்டார். ஏரல் என்றேன். அந்தப் பெயரை அவர் அப்போதுதான் கேள்விப்படுகிறார். நாலு மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட சொந்தக் கேள்வி அது ஒன்றுதான். மற்றபடி உருப்படிக்கு 10 ரூபாய், சாயந்தரம் வந்து வாங்கிக்கோ, அவ்வளவே.

மிக்ஜாம் புயலில் அவர் வண்டி பாதிக்கு மேல் தண்ணீரில் நின்றது. மேசைப் பலகை ஊறிப் பிளந்துவிட்டது. மூட்டைக் கரி நனைந்துவிட்டது. வெயில் வந்ததும் அந்தக் கரியைச் சாக்கில் பரப்பிக் காயவைத்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்திருந்தார். தரைத்தள அறையிலிருந்த என் சாமான்களை நானும் மொட்டை மாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து எங்கள் ஊர்ப் பக்கம் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என்று டிவியில் ஓடிய நேரம், ஏரலில் ஒரு போனும் அடிக்கவில்லை. மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். “இன்னாமா, எட்த்தாங்களா?” நான் தலையாட்டுவேன். “எட்ப்பாங்க. போ.” நான்காம் நாள் காலையில் சித்தப்பா போனிலிருந்து அம்மா பேசியதும், செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி முதலில் சொன்னது அவரிடம்தான். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊருக்கு எதுவுமே மிஞ்சவில்லை, கட்டின துணியோடு நிற்கிறார்கள் என்று சொன்னேன். அப்புறம் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். புயல் நிவாரணம் 6000 ரூபாயை ரேஷன் கடையில் வாங்கிய கையோடு அதிலிருந்து 500, 1000 என்று பிரித்துக் கொடுத்தீர்கள். உங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கோடு இன்னும் காயவில்லை. துணிகள் வந்து குவிந்தன. நானும் எதிர்வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளும் அவற்றைச் சாக்கில் திணித்துக் கட்டிக்கொண்டிருந்தோம். இஸ்திரி அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்டியே அனுப்பப் போறியா?”

ஆமாம் என்றேன்.

“இங்க கொண்டா.”

காரணத்தை அன்று ராத்திரிதான் சொன்னார். புயலுக்கு அப்புறம் அவர் குடியிருக்கும் பக்கம் ஏதோ ஒரு வண்டி வந்து பழந்துணி மூட்டையைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. அவர் மனைவி ஒரு புடவையை எடுத்து உதறிப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார். “பழசு வாங்கறதுக்கு எங்களுக்கு இன்னாமா வெக்கம். சுருட்டிப் போட்ருந்தாங்க, அதாம்மா அவளுக்குத் தாங்கல.”

மொத்தம் 214 உருப்படி. இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் தேய்த்தார். வாடிக்கைத் துணிகளை ஒருநாள் தள்ளிப்போட்டார். நீங்களும் யாரும் முகம் சுளிக்கவில்லை. புதுக்கரி வாங்கிவந்திருந்தார். நனைந்து காய்ந்த கரி இருக்கிறதே என்று கேட்டேன். அது பற்றும்போது வெடிக்கும், பொறி தெறிக்கும், அடுத்தவங்க துணியில ஓட்டை விழும் என்றார். அந்தக் கரியில் தன் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு, முகம் தெரியாத ஊருக்குப் புதுக்கரி.

அவர் மனைவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டன் தைத்தார். கிழிந்ததைத் தனியே எடுத்து, “இது தரை தொடைக்க ஆவும்” என்று வேறு மூட்டை கட்டினார். சேறு அள்ளும் வீட்டுக்கு அதுவும் வேண்டுமென்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு புடவை, ஒரு பாவாடை, ஒரு ரவிக்கை, ஒரு துண்டு என்று சேர்த்து, செய்தித்தாளில் பொதிந்து, நூல் சுற்றிக் கட்டினார்கள், வாடிக்கை வீட்டுக்குக் கொடுப்பது போலவே. ஒவ்வொரு ரவிக்கை மடிப்பிலும் இரண்டு ஊக்கு. அளவு சரியாக இருக்காதே என்று அந்த அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.

கரிக்காசையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். “உன் துணி கொண்டாந்தா பத்து ரூபா வாங்குவேன். இது உன்து இல்லயே.”

மளிகைக்கடை அண்ணாச்சி ஏற்பாடு செய்த லாரியில் பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. பக்கத்து வீட்டுப் பெரியம்மைக்கு நீலப் புடவைப் பொட்டலம் கிடைத்தது. நூலைப் பிரித்து, மடிப்பு கலையாமல் மூக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். இஸ்திரி வாடை. “ஏட்டி, வெளுத்து வந்த சேலை மாரில்லா இருக்கு. யாரு குடுத்தது?” என்று கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நான் உள்ளே போய்விட்டேன். வெள்ள நிவாரணத்துக்கு வரிசையில் நிற்க வேண்டிய அன்றைக்கு, பெரியம்மை அந்தச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனாள். ஊக்கும் அந்த ஊக்குத்தான்.

மற்ற எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்வதை மன்னிக்க வேண்டும். டிசம்பர் 4 ராத்திரி என்னை மேலே இழுத்துக்கொண்டு, தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்த வீட்டுக்கார அம்மாவுக்கு, படகு கொண்டுவந்த மீனவர்களுக்கு, பத்து நாள் விடுப்பைச் சம்பளத்தோடு கொடுத்த ஆபீஸ்காரர்களுக்கு, லாரிக்கு வாடகை வாங்காத அண்ணாச்சிக்கு, சாக்கு தூக்கிய பிள்ளைகளுக்கு, தெருவில் கொடுத்தவர்கள் எல்லோருக்கும், கொடுக்க எதுவும் இல்லையே என்று என் கையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பாட்டிக்கும்.

இங்கே ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது பள்ளிக்கரணைதான் நினைவுக்கு வருகிறது. கார்த்திகையில் பஸ் ஜன்னல் வழியாகச் சதுப்பு நிலத்தில் கூட்டமாக நின்ற பூநாரைகளைப் பார்த்தபோது, இதுகளும் எங்கிருந்தோ வந்ததுகள்தானே என்று நினைத்திருக்கிறேன். ஒதுங்கி வழிவிட்டவர்கள் என்னைக் கவனிக்காமல் இல்லை. எப்போது கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இனிமேல் யாருக்கு எதைக் கொடுத்தாலும் நான் மடித்துத்தான் கொடுப்பேன். இது பெரியம்மை சேலையின் மேல் ஆணை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். அண்ணனுக்கு என்ன கொடுத்து அனுப்புவது என்று அம்மா இரண்டு நாளாக யோசித்தாள். கருப்பட்டி கிடைக்குமா என்று பார்த்தாள். பிறகு தெருவில் வீடு வீடாகப் போய்த் தேங்காய்ச் சிரட்டை சேர்த்துக்கொண்டு வந்தாள். இப்போது புறவாசலில் குழி தோண்டிச் சுட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு சாக்குக் கரி தேறும் என்கிறாள். கங்குகளை அணைக்கக் குடத்தைத் தூக்கியவளைத் தடுத்து, தண்ணீர் ஊற்றாதே, மண்ணைப் போட்டு மூடு என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் தெருவில் தரைத்தள வீட்டுப் பெண்