அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதே, கண்ணு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் நலம். மஞ்சள் வெட்டு தை கழிந்துதான். போன் செய்யும்போதெல்லாம் மாப்பிள்ளைதான் எடுக்கிறார், "தூங்குறா மாமா" என்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்குத் தூங்குகிற பிள்ளை இல்லை நீ. சரி, கைவலியாக இருக்கும். வளைகாப்புக்குத் திருப்பூர் வருகிற சின்னம்மா கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

போன முறை வந்துவிட்டுப் போன சின்னம்மா ஒன்று சொன்னாள். உன்னை இடித்த கார்க்காரர் நாற்பதாயிரம் தருகிறாராம், "மேற்கொண்டு நடவடிக்கை எதுவும் வேண்டாம்" என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டுமாம். யார் கொண்டு வந்த பேப்பர் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். வண்டி யாருடையது, மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் தெரிந்ததுதானே.

கையெழுத்துப் போடாதே, கண்ணு. இழப்பீட்டை வண்டிக்காரர் தன் பையிலிருந்து எடுத்துத் தரப் போவதில்லை. இன்சூரன்ஸ் நடப்பில் இருந்து, டிரைவரிடம் முறையான லைசென்ஸும் இருந்தால் கட்டப் போவது இன்சூரன்ஸ் கம்பெனி. மனுவில் அவர் பெயர் எதிர்மனுதாரராக வரும், அவ்வளவுதான். டிரைவர் மேல் உள்ள கேஸ் போலீஸ் பாடு. இதில் யார் வீட்டு வேலைக்கும் பங்கம் வரக் காரணமில்லை. மாப்பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல். நான் சொன்னேன் என்று வேண்டாம், நீயே கேள்விப்பட்டதாகச் சொல்.

நாற்பதாயிரம் பெரிய தொகைதான். ஆனால் கணக்கைப் பார். உனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. 26 முதல் 30 வயது வரை வருஷ வருமானத்தை 17 ஆல் பெருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கில் அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கிறது. தையலில் மாதம் 12,000 என்று வைத்தால் வருஷத்துக்கு 1,44,000. அதை 17 ஆல் பெருக்கினால் 24,48,000. சம்பாதிக்கிற சக்தியில் கால் பங்கு போனது என்று தீர்ப்பாயம் ஏற்றால்கூட 6,12,000 வரும். வைத்தியச் செலவு, வலி வேதனை, பின்னால் கையில் வைத்த பிளேட்டை எடுக்கிற ஆபரேஷன் எல்லாம் தனி.

அந்தக் கால் பங்கும் டாக்டர் எழுதித் தருகிற சதவீதத்தோடு நின்றுவிடாது. 2010-ல் ராஜ்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: இடது கையை இழந்தவர் தச்சராகவோ டிரைவராகவோ இருந்தால் பிழைப்பே போகலாம், அரசு குமாஸ்தாவுக்கு அப்படியில்லை. உன் தொழிலே வலது மணிக்கட்டில்தான் இருக்கிறது. கத்தரியை மூடும்போது கட்டை விரல் நடுங்குகிறது, கழுத்து வளைவை வெட்டப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாய் என்று சின்னம்மா சொன்னாள். பட்டு ரவிக்கையில் பைப்பிங் நேராக வர வேண்டும் என்று மூன்று முறை பிரித்துத் தைத்தவள் நீ. அந்தக் கை இது.

உன்னிடம் சம்பளச் சீட்டு இல்லை. அதனால் அளவு நோட்டைப் பத்திரமாக வை. யாருக்கு என்ன அளவு, அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று ஓரத்தில் குறித்திருப்பாயே, அதுதான் உன் வருமானத்துக்குச் சாட்சி. ஆடிக்குப் பிறகு பக்கங்கள் காலியாகக் கிடந்தால் அப்படியே கிடக்கட்டும், எதையும் சேர்த்து எழுதாதே. ஜிபேயில் வந்த பணத்துக்குப் பேங்க் ஸ்டேட்மென்ட் எடு.

அப்புறம் காகிதங்கள். முதல் நாள் அரசு ஆஸ்பத்திரியில் போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடைச் சீட்டு, பிசியோதெரபிக்குப் போன ஆட்டோச் செலவு வரை எல்லாம் வேண்டும். ஸ்டேஷனில் கொடுத்தது புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதா, எப்.ஐ.ஆரா என்று பார். ரசீது மட்டும் என்றால் கேஸே பதிவாகவில்லை. இதைக்கூட ஒரு கோர்ட்டு ஊழியன் மகள் கவனிக்காமல் விட்டாய் என்றால் எனக்குக் கோபம்தான் வரும். உடைந்த ஹெல்மெட்டையும் எறியாதே. நீ போட்டிருந்தாய் என்பதற்கு அது வேண்டும்.

நாள் போய்க்கொண்டே இருக்கிறது. நான் சர்வீஸில் இருந்தபோது எம்.சி.ஓ.பி. என்கிற இந்த விபத்து இழப்பீட்டு மனுவுக்குக் கெடுவே கிடையாது, எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் நம்பர் போட்டோம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதம் என்று ஆக்கிவிட்டார்கள். உனக்கு ஆடிப்பெருக்கன்று அடிபட்டது. தை இருபதோடு முடிகிறது. "பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்" என்று யாராவது சொல்லிக்கொண்டிருந்தால் அந்த நாள்தான் கரைகிறது.

இன்னொன்று. விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்றில்லை, நீ குடியிருக்கிற ஊரிலும் போடலாம். இங்கே வந்து இருந்தாய் என்றால் இந்த ஊரிலேயே போடலாம். சட்டம் அப்படி இருக்கிறது என்பதற்காகத்தான் சொல்கிறேன். அம்மாவும் பாப்பாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், பள்ளிக்கூடம் இங்கும் பக்கம்தான்.

கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாய். போட்டிருந்தாலும் சொல், திட்ட மாட்டேன், அதோடு எல்லாம் முடிந்துவிடாது. ஆனால் போடாதே.

சின்னம்மா ஞாயிறு சாயங்காலம் வரை அங்கேதான் இருப்பாள். காகிதங்களை ஒரு பையில் போட்டு அவளிடம் கொடுத்து விடு, ஜெராக்ஸ் நீ ஒன்று வைத்துக்கொள். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். வக்காலத்தில் உன் கையெழுத்து வேண்டியிருக்கும், அதற்கு நானே வருகிறேன். மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு, பதினோரு மணிக்கு மேல் வருகிறேன்.

அன்புடன்,
அப்பா