மாப்ள, கடைக்கு உன்ன வேலைக்கு எடுக்கல

மாப்ள,

என் ஏலக்கா கடையில கொள்முதல் வேலை கேட்டிருந்த, வீரபாண்டித் திருவிழா முடியட்டும் சொல்றேன்னு சொல்லிருந்தேன், முடிஞ்சுருச்சு. நேர்ல வந்தா உன் மூஞ்சியப் பாத்து சரின்னு சொல்லிருவேன், அதான் எழுதுறேன். நம்ம செட்டுப் பயலுக எல்லாம் இதப் படிப்பாய்ங்க, அதனால பழைய எடத்துல இருந்து நீ ஏன் வெளிய வந்தன்றத இங்க பேச மாட்டேன். அந்தப் பண விஷயத்தையும்தான்.

உன்ன எடுக்கல. மன்னிச்சுக்கடா. ஆனா காரணத்த வேற எவனும் சொல்லி நீ கேக்கக் கூடாது.

சாந்தன்பாறை பெரியவரு ஞாபகம் இருக்கா? 2019 ஆகஸ்ட், புத்தடி ஏலத்துல ஏலக்கா கிலோ 7,000 ரூபா வரைக்கும் போன மாசம், எல்லாரும் வெறி புடிச்ச மாதிரி சரக்கு தேடி அலைஞ்சோம். அவரு வாசல்ல சாக்க அவுத்து வச்சிருந்தாரு, மேல பாத்தா நல்ல பச்ச, 8 எம்எம் பெரிய காயா கெடக்கு, நான் பணத்தையே எடுத்துட்டேன். நீதான் முழங்கை வரைக்கும் சாக்குக்குள்ள விட்டு அடிக்காய ஒரு கை அள்ளி காதுகிட்ட வச்சுக் குலுக்குன. காஞ்ச காய்னா உள்ள இருக்க அரிசி, அதான் வெத, கலகலங்கும்ல, சத்தமே இல்ல. "ஈரம்டா"ன்னு எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்ன. அவருக்குப் புரிஞ்சுபோச்சு, தலையக் குனிஞ்சுக்கிட்டு முந்துன வருச மழையில தோட்டம் பாதி சரிஞ்ச கதையச் சொல்ல ஆரம்பிச்சாரு. ஒடனே நீ "முழு எடைக்கே காசு வாங்கிக்கங்கய்யா, நாங்க உணத்திக்கிறோம்"னுட்ட. என் காசு மாப்ள அது. நான் வாயத் தொறக்கல, எண்ணிக் குடுத்தேன். திரும்ப உணத்துனப்ப எடை எம்புட்டுக் கொறஞ்சுச்சுன்னு உனக்கு இன்னைக்கு வரைக்கும் நான் சொன்னதில்ல.

அன்னைக்கு உன்ன நெனச்சு எனக்கு அம்புட்டுப் பெருமை. இப்பவும்தான். ஆனா அதே மனசோட நீ என் கடைக்குக் கொள்முதலுக்குப் போனன்னா, நீ எறக்குற ஒவ்வொரு சாக்கையும் நீ போனதுக்கப்புறம் நான் திரும்ப எடை போடுவேன். உனக்குத் தெரியாமப் போடுவேன். உன்கிட்ட நான் அப்படி ஒருத்தனா இருக்க மாட்டேன்டா, என்னால முடியாது.

சம்பளம் கூட ரெண்டாம்பட்சம். பாப்பா வைத்தியத்துக்கு ஈஎஸ்ஐ காப்பீடு வேணும்னு கேட்டியாம், நீ கேட்ட மாசச் சம்பளம் 21,000த்தத் தாண்டுது, அதுக்கு மேல போனா ஈஎஸ்ஐல சேக்கவே முடியாது, அத யாரும் உனக்குச் சொல்லலயா? அப்புறம் கடையில காயச் சல்லடை போடுற அக்காமாரு. மொதலாளியோட சேக்காளி மேல கொற இருந்தா என்கிட்ட வந்து சொல்லுவாங்களா?

இம்புட்டும் நான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன், நீ என்னடான்னா போடிமெட்டு ஜீப்புக்காரய்ங்க வரைக்கும் "இந்த சீசன் கொள்முதல் நாந்தான்"னு சொல்லி வச்சிருக்க. தங்கச்சிய எங்க வீட்டுக்கு அனுப்பி என் வீட்டுக்காரிகிட்ட அழ விட்டிருக்க. எதுக்குடா அது? எங்கப்பா தவறுனப்ப ராத்திரி பூரா காய் உணத்துற ஸ்டோர்ல அடுப்பப் பாத்துக்கிட்டவன் நீ, பத்துப் பைசா வாங்கல. நீ ஒருநாளும் சொல்லிக் காட்டுனதில்ல, இப்ப தங்கச்சி சொல்லிக் காட்டுது. அது சொன்னது தப்புன்னு சொல்லல, ஆனா எனக்கு வலிச்சுச்சு.

பூப்பாறை போற வழியில ஒரு ஸ்டோர் வாடகைக்கு வருது. நீ எடுத்து நடத்து. பச்சக்காய் 5 கிலோ போட்டா சுமாரா 1 கிலோ நிக்கும்ங்கிற கணக்கெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, சூடு ஏறுனா நெறம் போயிரும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவனே நீதான். அட்வான்ஸ் நான் தர்றேன், கடனாத்தான், எழுதியும் வாங்கிக்குவேன், கோவிச்சுக்காத. என் காய உணத்திக் குடு, வெளியாளுக்கு என்ன கூலியோ உனக்கும் அதே கூலி. பெரியவருக்கு எறக்கம் காட்டணும்னா உன் கூலியில காட்டிக்க, நான் குறுக்க வர மாட்டேன். ஈரமா வந்தா சாக்கத் திருப்பி அனுப்புவேன், கூலி லேட்டானா நீ என் சட்டையப் புடி.

ஆடில காய் எறங்க ஆரம்பிச்சுரும். ஸ்டோர்க்காரரு ஆனி பாதி வரைக்கும்தான் பாப்பாராம், அதுக்குள்ள சொல்லு. கடையில எல்லாரு முன்னாடியும் வந்து கேட்டா நான் பேச மாட்டேன். தங்கச்சியையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா.