கூப்பன் கார்டும் முசுட்டை இலையும்

ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். நான் கல்லடியில இருக்கிற பென்சன்காரன். மெல்பேர்ன்ல மகன்ட வீட்டில ஆறு மாசம் நிண்டுட்டு இப்பதான் வந்தன். கிளேட்டன் எண்ட இடம். பக்கத்து வீட்டில 90 வயசு தாண்டின கிரேக்கக் கிழவர் ஒராள் தனிய இரிக்கார், அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை எனக்கும் அரைகுறை, அதால கதை நல்லாத்தான் ஓடிச்சு.

ஒருநாள் பின்னேரம் மனுசன் ரோட்டோரம் குனிஞ்சு இலை ஆயுறார். ஹோர்த்தாவாம், காட்டுக்கீரை, அவிச்சு ஒலிவ் எண்ணெயும் தேசிக்காய்ப்புளியும் விட்டுத் தின்னுறது. ஏன் கடையில கீரை இல்லையா எண்டு பகிடிக்குத்தான் கேட்டன். அதுக்கு மனுசன் சொன்ன கதை இது.

1941 ஏப்ரல்ல ஜெர்மன்காரன் ஏதென்சுக்குள்ள வரக்குள்ள இவருக்கு 7 வயசு, வீடு ஏதென்சுக்குப் பக்கத்து பிரேயஸ் துறைமுகத்தடியில. இருந்த சாப்பாட்டுச் சாமானை ஜெர்மன் ஆமிக்காரன் அள்ளிட்டான், வெளியால இருந்து வாற கப்பலை பிரிட்டிஷ்காரன் மறிச்சுட்டான், நடுவில சனம். அந்த வருசக் குளிருக்குள்ள ரோட்டில நடந்து போற ஆள் அப்படியே விழுந்து சாகுமாம். இவர்ட அப்பம்மா செத்ததை வீட்டில வெளிய சொல்லல்ல, சொன்னா சாப்பாட்டுச் சாமான் எடுக்கிற கூப்பன் கார்ட் போயிரும், இரவோட இரவா சவக்காலை மதிலடியில பேர் இல்லாம வச்சிட்டு வந்தாங்களாம். அங்க கனக்க குடும்பம் அப்படிச் செஞ்சிரிக்கு. துருக்கியில இருந்து குர்துலுஷ் எண்ட கப்பல் சாமான் கொண்டு வந்திச்சு, 1942 ஜனவரில அதுவும் கடல்ல தாண்டு போச்சு. பிறகு சுவீடன் கப்பல்ல கனடாக் கோதுமை வந்துதான் உசிர் தப்பினவங்களாம்.

1944 அக்டோபர்ல ஏதென்ச விட்டு ஜெர்மன்காரன் போயிட்டான். அதுக்குப் பிறகு 1949 மட்டும் தங்களுக்குள்ளயே சண்டை, அதைக் கேட்டா மட்டும் மனுசன் வாய் திறக்கல்ல, நானும் தோண்டல்ல, எங்களுக்கு விளங்காத சங்கதியா. 1960ல பத்ரிஸ் எண்ட கப்பல்ல அவுஸ்திரேலியா வந்து கார் பாக்டரியில முப்பது வருசம் வேலை. இப்ப ஃப்ரிட்ஜ் நிறைய சாமான், ஆனா மேசையில விழுற பாண் துணிக்கையை விரலால ஒத்தி எடுத்து வாயில போடுறார். பேரப்பிள்ளையள் சிரிக்குதுகள்.

எனக்கு உடன எங்கட பெரியம்மாட ஞாபகம். மட்டக்களப்பு வாவிக்கு அங்கால, படுவான்கரையில இரிக்கிற கொக்கட்டிச்சோலைக்காரி. தொண்ணூறுகள்ல, எங்கட சண்டைக்குள்ள, வாவித் துறை தாண்டி மண்ணெண்ணெய், பற்றறி, மருந்து ஒண்டும் ஒழுங்கா போகாத காலம், முசுட்டைக் கொடி இலைச் சுண்டலும் சோறும் ஆக்கி ஏழு பிள்ளைய வளத்தவ. இப்பவும் மிஞ்சின சவுக்காரத் துண்டுகளை ஒண்டா உருட்டி வைப்பா, என்ட மகன் அதைப் பாத்து கஞ்சத்தனம் எண்டுறான். அவன்ட பிள்ளைகளுக்கு பக்கத்து வீட்டுக் கிழவர்ட கதை தெரியும், பெரியம்மாட கதை தெரியா.

உங்கட ஞாயிறு பேப்பர்ல அரசியல்வாதிட படம் பக்கம் பக்கமா வருது, அதில ஒரு அரைப் பக்கம் படுவான்கரைக் கிழவிகள் என்ன ஆக்கித் திண்டாங்க, என்னத்தை ஒளிச்சு வச்சாங்க எண்டு அவங்கட வாயாலயே போடுங்க. நிருபர் ஒராளை அனுப்புங்க, நானே கூட்டிப் போறன். பெரியம்மாக்கு வலது காது கேக்காது, இடப்பக்கம் இருந்து கதைக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
கல்லடி வாசகன்