சுவரில் மாட்டினால் செத்துப்போகும் காகிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில், ‘கையில் தொழில் இருப்பவனுக்குச் சான்றிதழ் சுவரில் மாட்டும் வெறும் காகிதம்’ என்று ஒரு வரி வந்திருந்தது. முதல் முறை படித்தபோது அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மறுநாள்தான் கட்டுரையை முழுதாகப் படித்தேன். எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார், அதனால்தான் வருத்தம் இன்னும் கூடுதலாக இருக்கிறது.

நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து வெல்டிங் பழகி, 12 வருடம் வெல்டராக இருந்தேன். இப்போது மற்றவர்கள் போட்ட வெல்டைச் சோதிக்கும் ஆய்வாளர். கையில் தொழில் எனக்கு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அது யாருக்குத் தெரியும்? பக்கத்தில் நின்று பார்த்த மேஸ்திரிக்குத் தெரியும். அவர் வேலையை விட்டுப் போனதும் என் திறமைக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது. அடுத்த கம்பெனி வாசலில் நான் மறுபடியும் எடுபிடிதான்.

அதை மாற்றியது குழாய் வெல்டருக்கு வைக்கும் 6ஜி டெஸ்ட். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டி நிறுத்திவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது, நாம்தான் சுற்றிச் சுற்றி வளைந்து நெளிந்து போட வேண்டும். பிறகு அதிலிருந்து துண்டு வெட்டி வளைப்பார்கள். வளைத்த இடத்தில் 3 மி.மீ.க்கு மேல் வாய் பிளந்தால் தோல்வி. முதல் தடவை என் துண்டு பிளந்தது. ரூட் பாஸ், அதாவது இணைப்பின் அடியில் போடும் முதல் வெல்டு, ஒரு பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பரிசோதகர் விரலை வைத்துக் காட்டினார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. இரண்டு மாதம் ரூட்டை மட்டுமே போட்டுப் பழகி மறுபடி போய்த் தேறினேன்.

அப்படி வாங்கிய தகுதிக்கு என்ன விதி என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி, ஒரு வெல்டிங் முறையில் 6 மாதம் வெல்டு போடாமல் இருந்தால் அந்த முறைக்கான தகுதி காலாவதியாகிவிடும். அதாவது சுவரில் மாட்டிவிட்டு உட்கார்ந்தால் செத்துப்போகும் காகிதம் அது. உங்கள் கட்டுரையாளர் எந்தச் சுவரைப் பார்த்தாரோ!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காகிதம் இருந்தும் வேலை தெரியாதவர்கள் இருக்கிறார்கள். ஒலி அலையை அனுப்பி வெல்டின் உள்ளே இருக்கும் குறையைத் தேடும் அல்ட்ராசோனிக் ப்ரோபை எந்தக் கோணத்தில் நகர்த்துவது என்றே தெரியாத ஒருவருடன் நானே வேலை பார்த்திருக்கிறேன். அதற்காக எல்லாக் காகிதத்தையும் ஒரே கட்டாகக் கட்டிக் குப்பையில் போடுவது என்ன நியாயம்?

மனதில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவரின் பதிவு எண்ணை, ஆடிட்டரின் கையெழுத்து உரிமையை வெறும் காகிதம் என்று உங்கள் பக்கத்தில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கணினிப் பாதுகாப்புத் துறையில் சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வில் தேறினாலும், 5 வருட அனுபவத்தைக் காட்டாமல் (கணினி சார்ந்த பட்டம் இருந்தால் ஒரு வருடம் குறையும்) அந்த எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட முடியாது. அதை மரியாதையோடு எழுதினீர்கள், சரிதான். கையில் கரி படுகிற தொழில் என்றால் மட்டும் ‘திறமை போதுமே’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். படிப்பு இல்லாதவனுக்கு மேலே போக இருக்கிற ஒரே ஏணி இந்தத் தகுதிச் சான்றுதான். பட்டம் வைத்திருப்பவர் அதை வேண்டாம் என்று சொல்லலாம், அவருக்கு வேறு படி இருக்கிறது.

என் வேலையில் லெவல் ஒன், டூ, த்ரீ என்று மூன்று நிலை. லெவல் ஒன் எழுதிக் கொடுத்தபடி சோதனை செய்வார். கிடைத்த சிக்னலைப் பார்த்து இது ஏற்கத்தக்கது, இது வெட்டி எடுக்க வேண்டியது என்று தீர்மானிப்பவர் லெவல் டூ. சோதனை முறையையே எழுதுபவர் லெவல் த்ரீ. லெவல் ஒன்னாக இருந்த நாளில் ஒரு குழாய் இணைப்பில் குறை இருக்கிறது என்று நான் அடித்துச் சொன்னேன். கேட்பார் இல்லை. லெவல் டூ ஆன பிறகு அதே நான் ‘ரிஜெக்ட்’ என்று எழுதினால் வேலை நிற்கிறது. சம்பளம் கூடியதைவிட எனக்கு அதுதான் பதவி உயர்வாகத் தெரிந்தது.

ஆனால் அந்த லெவல் டூவையே ஒரு தடவை பறிகொடுத்தேன். அது எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற அமெரிக்க வழிமுறைப்படி முதலாளி தரும் சான்று. வேலையை விட்டால் சான்றும் அங்கேயே முடிந்தது. புதிய இடத்தில் மறுபடி தகுதி காட்டும்வரை கீழ்நிலைச் சம்பளம்தான். ஐ.எஸ்.ஓ. 9712 என்ற சர்வதேசத் தரநிலைப்படி தனி அமைப்பு தரும் சான்று வேறு வகை. அது 5 வருடம் செல்லும், ஆள் எங்கே போனாலும் கூடவே வரும். இந்த வித்தியாசத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் என் சேமிப்பை எதில் போடுவது என்று யோசித்திருப்பேன். இதை விளக்கி அப்போதே உங்களுக்கு எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை. இடநெருக்கடி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இடம் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சான்றிதழ் வெறும் காகிதம் என்ற அந்த வரிக்கு எதிர்ப்பக்கத்திலேயே ‘இரண்டே நாளில் சர்வதேசச் சான்றிதழ்’ என்று கால் பக்க விளம்பரம். தேர்வு இல்லை, அனுபவம் கேட்பதில்லை, காலாவதித் தேதியும் இல்லை. என் அக்கா மகள் இப்படி ஒன்றை நம்பிப் பணம் கட்டினாள். நேர்காணலில், ‘இதைக் கொடுத்த அமைப்புக்கு அங்கீகாரம் கொடுத்தது யார்?’ என்று கேட்டார்கள். அவளிடம் பதில் இல்லை. தனிநபர் தகுதிக்குச் சான்று வழங்கும் அமைப்புகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17024 என்ற தரநிலை இருக்கிறது என்று அவளுக்கு நான்தான் சொன்னேன், பணம் போன பிறகு. வகுப்பில் உட்கார்ந்ததற்குத் தருவதும் தேர்வு வைத்துத் தருவதும் உங்கள் பக்கத்தில் ஒரே ‘சான்றிதழ்’ என்ற சொல்லில் வந்தால், அந்தப் பெண் எதைக் கொண்டு பிரித்துப் பார்ப்பாள்?

மறுப்போ வருத்தமோ வெளியிடச் சொல்லி நான் கேட்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்ததற்குத் தருவதைப் பங்கேற்புச் சான்று என்றும் தேர்வு வைத்துத் தருவதைத் தகுதிச் சான்று என்றும் பிரித்து எழுதுங்கள். பயிற்சி விளம்பரங்களுக்குக் கீழே, கொடுப்பது யார், எத்தனை நாள் செல்லும், சான்று எண்ணைச் சரிபார்க்க வழி உண்டா என்ற மூன்று விவரங்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். மிகச் சின்ன எழுத்தில் போட்டாலும் போதும். என் சான்று செல்ல வேண்டுமானால் 30 செ.மீ. தூரத்தில் பொடி எழுத்தைப் படித்துக்காட்ட வேண்டும், வருடா வருடம் அந்தக் கண் பரிசோதனை எனக்கு உண்டு. கண்ணாடி போட்டாவது படித்துவிடுவேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்,
வெல்டிங் ஆய்வாளர், லெவல் டூ