கடலூர் மாவட்ட வங்கிக் கிளை மேலாளர்களுக்கு: தவணை அட்டவணையை எங்களோடு சேர்ந்து வாசியுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரியிடம் 22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் நான், 2021-இல் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சிறிய வீடு வாங்க வங்கியில் கடன் பெற்றேன். ஒப்பந்தக் கட்டில் கையெழுத்திட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். குறி கண்ட இடமெல்லாம் கையெழுத்திட்டேன். மாதாமாதம் கட்டும் பணத்தில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, மீதி நிலுவை எவ்வளவு என்று மாதத்துக்கு ஒரு வரியாகக் காட்டும் தவணை அட்டவணை கடைசியில் இருந்தது; அதில் குறி இல்லாததால் அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறர் கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் தூக்கம் வராத எனக்கு இது வெட்கக்கேடுதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து மீதிக் கணக்கு கேட்டபோது, இன்னும் 300-க்கு மேற்பட்ட தவணைகள் இருப்பதாகச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொண்டது மொத்தமே 240. வட்டி ஏறியபோது ட்யூ ஏறவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன், ஏறியது காலம். 60 வயதில் முடிய வேண்டிய கடன் 68 வரை என்னோடு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"முதல் பத்து வருஷம் வட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்" என்று எங்கள் பக்கத்தில் டீக்கடைதோறும் பேசுவது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அது தவறு. ஒவ்வொரு மாதமும் அந்த மாதத்து நிலுவைக்கு மட்டுமே வட்டி போடுகிறீர்கள். 9 விழுக்காட்டில் 10 லட்சம், 20 ஆண்டுக்கு என்றால் தவணை 8,997 ரூபாய். முதல் மாத வட்டி 7,500 போக அசலில் கழிவது 1,497. மறுமாதம் நிலுவை அந்த அளவு குறைவதால் வட்டி 7,489 ஆகிறது, அசலுக்கு 1,508 போகிறது. இப்படி அசல் பங்கு மாதந்தோறும் 1.0075 மடங்காக வளர்வது, பத்தாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடர்வரிசையே. அந்த 240 அசல் பங்குகளையும் கூட்டினால் சரியாக 10 லட்சம் வரும்படித்தான் 8,997 என்ற தொகையே முடிவாகிறது. கணக்கில் சூது இல்லை. ஆனால் ஐந்து ஆண்டுகளில் 5,39,836 ரூபாய் கட்டிய பிறகும் அசலில் 1,12,930 மட்டுமே குறைந்திருப்பதையும், பாதி அசல் தீர 168-ஆவது தவணை வரை போக வேண்டியிருப்பதையும் யாரும் முன்னதாகச் சொல்லாவிட்டால், கட்டுகிறவருக்கு அது சூதாகத்தான் தெரியும். நீங்கள் வாங்கிக்கொள்ளும் பழியில் பாதி, வாய் திறக்காததால் வருவது.

அட்டவணை தெரிந்தவருக்கு அதனால் காசும் மிச்சம். முதல் ட்யூவோடு கூடுதலாக 1,508 ரூபாய் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கச் சொன்னால், இரண்டாம் வரி அப்படியே அடிபட்டுப் போகிறது. அந்த வரியின் வட்டி 7,489 ரூபாயைக் கட்ட வேண்டியதில்லை. தனிநபர் பெறும் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே முடிப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே சொல்லிவிட்டது. முந்திரி சீசனில் நாலு காசு கையில் புரளும் எங்கள் ஊருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி உண்டா?

இதன் மறுபக்கம் வட்டி ஏற்றம். 7 விழுக்காட்டில் அதே 10 லட்சத்துக்குத் தவணை 7,753. வட்டி 9.5 ஆகி நிலுவை அப்படியே இருந்தால் ஒரு மாத வட்டியே 7,917. கட்டும் பணம் வட்டிக்கே போதாமல் கடன் வளரத் தொடங்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 4 விழுக்காட்டிலிருந்து 6.5 ஆனதை நினைத்தால் இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, ஒரு பகுதியை முன்னதாகக் கட்டுவதா என்று கடன் வாங்கியவருக்கே தெரிவு தர வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. 2024 அக்டோபர் முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு, முக்கிய விவரங்கள் அடங்கிய தாளைத் தவணை அட்டவணையோடு, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதி. எனக்கு வட்டி மாற்றம் குறித்து வந்ததோ ஆங்கிலத்தில் இரண்டு வரிக் குறுஞ்செய்தி.

நான் கேட்பது பத்து நிமிடம். கையெழுத்து வாங்கும் நாளில், அட்டவணையைத் தமிழில் எதிரே விரித்து, முதல் வரியையும் இரண்டாம் வரியையும், நிலுவை பாதியாகும் வரியையும் கடன் வாங்குபவரோடு சேர்ந்து வாசியுங்கள். வட்டி மாறும்போது அவரை அழைத்துக் கேட்டுவிட்டுக் காலத்தை நீட்டுங்கள். பெருக்கல் குறி போடும் அதே பென்சிலால் அந்த மூன்று வரிகளின் கீழும் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.